எஃகுக்குள் ஒரு தீவுக்கூட்டம்

இரும்பைப் பற்றி இவ்விதழில் ஒரு கட்டுரையா என்று அன்பர்கள் சிலர் வியப்புறலாம். எழுதுபவன் விஞ்ஞானியும் அல்லன், பொறியியற் கல்லூரியில் பயின்றவனும் அல்லன். மெட்ரிக் தேறியவுடன் இரயில்வேயில் எழுத்தராக அமர்ந்தவன் என்று அறிந்தால் அவ்வியப்பு இன்னும் மிகும். ஆயினும், கடல் கடந்து குடியேறிய நம் குடும்பங்கள் ஒவ்வொன்றும் என்றேனும் ஒரு நாள் ஒரு வீடு கட்டத்தான் போகின்றன. அவ்வீட்டின் எலும்பு இரும்பு. அவ்வெலும்பு பளுவை எவ்வாறு தாங்குகிறது, எவ்வாறு வளைகிறது, எவ்விடத்தில் முதலில் முறியத் தொடங்குகிறது என்று தெரிந்துகொள்வது வீண் வேலையாகாது என்னும் நம்பிக்கையால் எழுதத் துணிந்தேன்.

நான் பிறந்த ஊர் தெற்கு அந்தமானிலுள்ள பெரார்கஞ்ச். 1923 முதல் 1931 வரை இத்தீவுகளின் தலைமை ஆணையராக இருந்த பெரார் என்னும் ஆங்கிலேயரின் பெயரால் வழங்கும் ஊர் அது. இரயில் ஓடாத தீவில் பிறந்தவனுக்கு இரயில்வேயில் வேலை வாய்த்ததை ஊழின் விளையாட்டு என்றே என் தந்தையார் சொல்லுவார். சென்னையை அடுத்த ஒரு பண்டகசாலையில் இரும்புச் சாமான்களின் வரவு செலவுக் கணக்கை எழுதி வருகிறேன். "52 கிலோ, 90 யூ.டி.எஸ்." என்னும் தொடரை எத்தனை ஆயிரம் முறை எழுதியிருப்பேன் என்பதற்குக் கணக்கில்லை. ஒரு மீட்டர் தண்டவாளத்தின் எடை 52 கிலோ என்பது முதற் சொல்லின் பொருள். அத்தண்டவாளத்தை இழுத்துப் பார்த்தால் ஒரு சதுர மில்லிமீட்டர் பரப்புக்கு ஏறத்தாழ 90 கிலோ பளு வரையில் தாங்கும் என்பது பிற்சொல்லின் பொருள். கணக்கு எழுதுபவனுக்கு எண் போதும். எண்ணுக்குள் என்ன இருக்கிறது என்று எவரும் கேட்பதில்லை. அக்கேள்வி என் அலுவலகத்தில் எழவில்லை. எங்கள் வீட்டுத் திண்ணையில் எழுந்தது.

எங்கள் பழைய வீடு மரச்சட்டமும் பலகைச் சுவரும் தகரக் கூரையும் கொண்டது. 2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் நாள் காலை ஆறரை மணியளவில் 9.1 அளவுள்ள அந்நிலநடுக்கம் வந்தபோது அவ்வீடு தொட்டில்போல ஆடிற்று, ஆனால் நின்றது. அன்று தெற்கு அந்தமானின் நிலமே தாழ்ந்து, சிப்பிகாட் வயல்களில் கடல்நீர் புகுந்து நின்றுவிட்டதை நம்மவர் மறந்திருக்க மாட்டார்கள். என் தாயார் அன்று முதல் இன்று வரை கதவருகேதான் படுக்கிறார். விளக்கணைத்த பின் தாழ்ப்பாள் எளிதில் திறக்கிறதா என்று ஒருமுறை பார்த்துவிட்டே கண் மூடுவார். அப்பலகை வீட்டைக் கறையான் அரித்துவிட்டமையால், கான்கிரீட் தூண் நிறுத்திப் புது வீடு கட்டுவதென்று குடும்பத்தார் முடிவு செய்தோம். என் சேமிப்பும், தம்பியின் சேமிப்பும், தந்தையார் பாக்கு விற்றுச் சேர்த்த தொகையும் அதில் அடங்கும். அம்மா நடுவறையில் அச்சமின்றிப் படுத்துறங்கும் ஒரு வீடு வேண்டும் என்பதே எங்கள் விருப்பம்.

கம்பி வாங்கும் பேச்சு வந்ததும் கருத்து வேற்றுமையும் வந்தது. "அண்ணா, 550 என்று ஒரு கம்பி இருக்கும்போது 500 எதற்கு? எண் பெரிதானால் வலிமையும் பெரிதுதானே?" என்றான் தம்பி. தந்தையாரோ, "புயலுக்கு வளைகிற பாக்குமரம் நிற்கும், வளையாத மரந்தான் விழும். எந்தக் கம்பி வளையுமோ அதை வாங்குங்கள்" என்றார். வீட்டில் கற்றவன் நான் என்று இருவரும் என் முகத்தைப் பார்த்தார்கள்.

கடைக்காரர் தந்த தாளில் இரண்டு வகையும் இருந்தன. இந்தியத் தரநிர்ணயத்தின் 1786ஆம் எண் விதி, 2008இல் திருத்தப்பெற்றபடி, 550 என்னும் கம்பி முறிவதற்குமுன் குறைந்தது நூற்றுக்குப் பத்துப் பங்கு நீளவேண்டும் என்கிறது. "500 டி" என்னும் கம்பியோ குறைந்தது நூற்றுக்குப் பதினாறு பங்கு நீளவேண்டும். "டி" என்னும் அவ்வொற்றை எழுத்து நீண்டு கொடுக்கும் தன்மையைக் குறிப்பது. ஆக, தம்பி கேட்டது வலிமை. தந்தையார் கேட்டது நீட்சி. இரண்டும் நல்ல குணங்களே. ஒன்று மிகுந்தால் மற்றொன்று ஏன் குறைகிறது? இரண்டையும் ஒரே இரும்பில் பெற வழியில்லையா? இவ்விரு வினாக்களையும் மனத்தில் சுமந்துகொண்டு, மூன்று நாள் கப்பற்பயணத்தில் சென்னை திரும்பினேன்.

எங்கள் பண்டகசாலைக்குச் சோதனை அறிக்கைகள் வரும் ஆய்வுக்கூடத்தில் எனக்கு ஒரு நண்பர் உண்டு. அவர் உலோகவியல் பயின்றவர், பொறுமை மிக்கவர். மாலை வேளைகளில் அவர் சொல்லக் கேட்டதையும், அவர் தந்த நூல்களில் என் அறிவுக்கு எட்டியதையும் இனி முறையாகச் சொல்கிறேன்.

இரும்பு என்பது அணுக்கள் அணிவகுத்து நிற்கும் ஒரு பொருள். அவ்வணிவகுப்பு ஒரே சீராக முழுத் துண்டிலும் பரவியிருப்பதில்லை. சிறு சிறு மணிகளாகப் பிரிந்திருக்கும். ஒவ்வொரு மணிக்குள்ளும் வரிசை ஒரு திசை நோக்கி நிற்கும். இரும்பை வளைக்கும்போது ஒரு வரிசை மற்றொரு வரிசையின்மேல் வழுக்குகிறது. வரிசை முழுவதும் ஒரே நேரத்தில் வழுக்குவதாக வைத்துக் கணக்கிட்டால், இரும்பை வளைக்க நாம் காண்பதைவிடப் பன்மடங்கு விசை வேண்டியிருக்கும். கணக்குக்கும் கண்கண்டதற்கும் இடையேயிருந்த இம்முரண்பாட்டை 1934ஆம் ஆண்டில் டெய்லர், ஒரோவான், போலான்யி என்னும் மூவர் தனித்தனியே தீர்த்தனர்.

கலியாண மண்டபத்தில் விரித்த பெரிய பவானி ஜமக்காளத்தை ஓர் அடி நகர்த்த வேண்டும் என்று கொள்வோம். ஒரு முனையைப் பற்றி முழுவதையும் இழுத்தால் நான்கு பேர் வேண்டும். ஓர் ஓரத்தில் ஒரு சுருக்கத்தை உண்டாக்கி, அச்சுருக்கத்தைக் காலால் தள்ளிக்கொண்டே மறு ஓரம் வரை கொண்டுசென்றால் ஒரு சிறுவன் போதும். இரும்பிலும் இவ்வாறே. அணு வரிசையில் இயற்கையாகவே அமைந்த பிறழ்வுகள் உண்டு. அப்பிறழ்வுகள் ஓடும்போது இரும்பு வளைகிறது. 1956இல் கேம்பிரிட்ஜில் ஆய்வாளர்கள் எலெக்ட்ரான் நுண்நோக்கியின் வழியே ஒரு மெல்லிய உலோகத் தகட்டில் இப்பிறழ்வுகள் ஓடுவதைக் கண்ணாரக் கண்டார்கள்.

பிறழ்வு தடையின்றி ஓடினால் இரும்பு மென்மையாக வளையும். தடைபட்டால் கடினமாகும். வளைக்க வளைக்கப் பிறழ்வுகள் பெருகுகின்றன. கப்பல் வந்த அன்று துறைமுக வாயிலில் கூடும் கூட்டம்போல ஒன்றையொன்று நெருக்கி நின்றுவிடுகின்றன. மெல்லிய கம்பியை நாம் முன்னும் பின்னும் வளைக்கும்போது முதலில் இளகிக் கொடுத்து, பிறகு விறைத்து, இறுதியில் ஒடிவது இதனால்தான். நம் பெரியோர்கள் காலத்து முறுக்குக் கம்பியின் இரகசியமும் இதுவே. ஆறிய இரும்பை முறுக்கிப் பிறழ்வுகளை முன்னரே நெருக்கடியில் நிறுத்தி வலிமை கூட்டினார்கள். அதற்கு விலையாக நீட்சியில் ஒரு பகுதி அப்போதே செலவாகிவிட்டது. தம்பியின் எண்ணும் தந்தையாரின் பாக்குமரமும் ஒத்துப்போகாமைக்குக் காரணம் விளங்குகிறதல்லவா?

நிற்க. கொல்லர் பட்டறையில் செக்கச் சிவந்த அரிவாளைத் தண்ணீரில் தோய்த்து எடுப்பதை அன்பர்கள் கண்டிருப்பார்கள். சூட்டில் இரும்பின் அணுக்கள் வேறோர் அணிவகுப்புக்கு மாறுகின்றன. அவ்வணிவகுப்பில் கரி அணுக்கள் தாராளமாக இடம்பெறும். மெல்ல ஆறினால் கரி வெளியேறிவிடும். திடீரென்று தோய்த்தால் வெளியேற நேரமின்றி அகப்பட்டுக்கொள்ளும், அணிவகுப்பே கோணிப்போகும். கோணிய வரிசையில் பிறழ்வு ஓடுவது மிகவும் கடினம். ஆகையால் அது மிகக் கடியதாகிறது. நொறுங்கும் குணமும் சேர்ந்து வருகிறது. இக்கடிய வகைக்கு, பெர்லினில் உலோகங்களை ஆராய்ந்த அடால்ப் மார்ட்டென்ஸ் என்பாரின் நினைவாக மார்ட்டென்சைட் என்று பெயர். கரி மிகக் குறைந்து, வரிசை கோணாமல், மென்மையாக நிற்கும் வகைக்குப் பெர்ரைட் என்று பெயர்.

பெர்ரைட் மட்டும் இருந்தால் நீளும், பளு தாங்காது. மார்ட்டென்சைட் மட்டும் இருந்தால் பளு தாங்கும், நீளாது. இரண்டையும் ஒரே எஃகில் குடியேற்றினால் என்ன என்று 1970களில் ஜப்பானிலும் அமெரிக்காவிலும் ஆராய்ந்தார்கள். எண்ணெய் விலை ஏறிய காலம் அது. மோட்டார் வண்டிகளின் எடையைக் குறைக்க வேண்டியிருந்தது. நூற்றுக்கு ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு கரியும், ஒன்றரை முதல் இரண்டு பங்கு மாங்கனீசும் கொண்ட எஃகுத் தகட்டை 730 முதல் 850 டிகிரி வரையிலான ஓர் இடைப்பட்ட வெப்பத்தில் வைத்தார்கள். அவ்வெப்பத்தில் எஃகு முழுவதும் மாறாது. ஒரு பகுதி மட்டும் மாறும். கரியணுக்கள் மாறிய பகுதியை நாடிச் சென்று சேரும். அந்நிலையில் விரைவாகக் குளிரச்செய்தால், மாறிய பகுதி மார்ட்டென்சைட் ஆகிவிடும். மாறாத பகுதி பெர்ரைட்டாகவே நிற்கும். இதுவே இருநிலை எஃகு. நம் நாட்டில் ஜாம்ஷெட்பூரில் டாட்டா நிறுவனமும் ஜப்பானிய நிப்பான் ஸ்டீல் நிறுவனமும் கூட்டாக அமைத்த ஆலையில் மோட்டார் வண்டிகளுக்கான இத்தகைய தகடுகள் உருவாகின்றன.

ஒரு நாள் மாலை என் நண்பர் அத்தகைய எஃகின் சிறு துண்டு ஒன்றைக் கண்ணாடிபோல் மெருகிட்டு, நீர்த்த நைட்ரிக் அமிலக் கரைசலில் சில நொடிகள் நனைத்து, நுண்நோக்கியின் கீழ் வைத்து என்னைப் பார்க்கச் சொன்னார். வெண்ணிறப் பரப்பு ஒன்று விரிந்து கிடந்தது. அதன் நடுவே கருநிறத் திட்டுகள். சில தனித்தும், சில சங்கிலிபோலத் தொடர்ந்தும் இருந்தன. ஒவ்வொன்றும் சில மைக்ரான் அளவே. நம் தலைமயிர் ஒன்றின் தடிமனுக்குள் பத்துப் பன்னிரண்டு மணிகள் அடங்கிவிடும். "வெளுத்திருப்பது பெர்ரைட், கறுத்திருப்பது மார்ட்டென்சைட். இவற்றைத் தீவுகள் என்றே எங்கள் நூல்களில் சொல்லுவோம்" என்றார் நண்பர். அந்தமானில் பிறந்தவன் முகத்தில் அப்போது என்ன தோன்றிற்றோ, அவர் சிரித்துவிட்டார்.

அத்தீவுகள் பிறக்கும்போதே ஒரு காரியம் நடந்துவிடுகிறது. மார்ட்டென்சைட்டாக மாறும் பகுதி சற்றே பருக்கிறது. பருக்கும்போது அண்டையிலுள்ள பெர்ரைட்டை நெருக்குகிறது. அந்நெருக்குதலால் தீவின் கரையோரம் எங்கும் புதிய பிறழ்வுகள் தோன்றி, ஓடுவதற்கு ஆயத்தமாக நிற்கின்றன. ஆகவேதான் இவ்வெஃகை இழுக்கத் தொடங்கியதும் ஒரு வெட்டோ உதறலோ இன்றி அமைதியாக இளகத் தொடங்குகிறது. சாதாரண மென்னிரும்பு அவ்வாறன்று. ஓர் எல்லை வரை அசையாமல் நின்று, பிறகு சட்டென்று விட்டுக்கொடுக்கும். தகட்டின்மேல் கோடு கோடாக வரிகள் தோன்றும்.

இனி, பளு ஏறும்போது உள்ளே நிகழ்வதைக் கவனிப்போம். முதலில் இளகுவது பெர்ரைட். தீவுகள் அப்போது அசைவதில்லை. மீள்தன்மையோடு பளுவை மட்டும் தாங்கி நிற்கின்றன. கடல் நீள விரும்புகிறது. தீவு நீள மறுக்கிறது. இரண்டும் ஒட்டியிருப்பதால், அவ்வேறுபாட்டை ஈடுசெய்யக் கரையோரத்தில் பிறழ்வுகள் மேன்மேலும் குவிகின்றன. குவியக் குவிய அவ்விடத்துப் பெர்ரைட் கடினமாகிறது. பளு மெல்ல மெல்லத் தீவின்மேல் ஏறுகிறது. இளகிய இடம் உடனே வலுத்துவிடுவதால் நீட்சி ஓரிடத்தில் தங்காமல் அடுத்த இடத்துக்குப் பரவுகிறது. தகடு முழுவதும் நீட்சியைப் பகிர்ந்துகொள்கிறது. இருநிலை எஃகின் சிறப்பு இப்பகிர்வில்தான் இருக்கிறது. சதுர மில்லிமீட்டருக்கு 60 கிலோ தாங்கும் வகை, அதே வலிமையுள்ள பழைய எஃகுகள் பலவற்றைவிட நன்றாக நீண்டு கொடுப்பதன் காரணம் இதுவே.

ஆனால் இப்பகிர்வு எங்கும் ஒரே சீராக நிகழ்வதில்லை. எஃகின் முகத்தில் மிக நுண்ணிய புள்ளிகளைத் தூவி, எலெக்ட்ரான் நுண்நோக்கிக்குள்ளேயே வைத்து இழுத்து, இழுப்பின் ஒவ்வொரு படியிலும் படமெடுத்து, புள்ளிகள் நகர்ந்த தூரத்தைக் கணிப்பொறியால் ஒப்பிடும் முறை இக்காலத்தில் வந்திருக்கிறது. அம்முறையில் பார்த்தால், இழுக்கும் திசைக்கு ஏறத்தாழ 45 டிகிரிச் சாய்வில் பட்டை பட்டையாகப் பெர்ரைட் மிகுதியாக இளகியிருப்பது தெரிகிறது. இரண்டு தீவுகளுக்கு நடுவே அகப்பட்ட குறுகிய கால்வாய்களில் நீட்சி சராசரியைப்போல் பல மடங்கு. முழுத் தகடும் நூற்றுக்குப் பத்துப் பங்கு நீண்டதென்று நாம் எழுதும்போது, உள்ளே ஒரு மூலையில் மிகுதியாகவும் மற்றொரு மூலையில் அரைப் பங்குகூட இல்லாமலும் அப்பளு பங்கிடப்பட்டிருக்கும். சராசரி என்னும் எண் எத்தனை பேரின் துன்பத்தை மறைக்கக்கூடும் என்பதைக் கணக்கெழுதும் தொழிலில் உள்ள நான் அன்றுதான் உணர்ந்தேன்.

முறிவு எங்கே தொடங்குகிறது? இரண்டு இடங்களில். தீவு மெலிந்து கழுத்துப்போல் இருக்குமிடத்தில் அது பிளக்கலாம். அல்லது தீவும் கடலும் கூடும் கரையிலேயே ஒன்றையொன்று விட்டுப் பிரியலாம். எவ்வகையாயினும் ஒரு நுண்ணிய வெற்றிடம் தோன்றும். நண்பர் முறிந்த துண்டு ஒன்றையும் காட்டினார். முறிவுக்கு அருகே மணிகள் யாவும் இழுத்துவிட்ட அவல்போல் நீண்டிருந்தன, இடையிடையே கரும்புள்ளிகளாக அவ்வெற்றிடங்கள் தென்பட்டன. அவை வளர்ந்து ஒன்றோடொன்று கூடும்போது முறிவு முழுமையாகிறது.

ஈண்டு ஒரு நுட்பம் உண்டு. தீவு மிக மிகக் கடியதாயும் கடல் மிக மிக மென்மையாயும் இருந்தால் வலிமையின் எண் அழகாக வரும். ஆனால் கரை விரைவில் பிரியும். வெட்டிய ஓரத்தை விரித்தால் வெடித்துவிடும். தீவைச் சற்றே சூடேற்றி அதன் கடுமையைக் கொஞ்சம் தணித்தால், வலிமையில் சிறிது குறைந்தாலும் கரை நெடுநேரம் விடாது. தீவுகள் பெரியனவாகத் திரண்டு நிற்பதைவிடச் சிறியனவாகப் பரவி நிற்பதே நன்று. எவ்வளவு வன்மை என்பதோடு, வன்மைக்கும் மென்மைக்கும் இடையே எவ்வளவு தூரம் என்பதையும் கேட்கவேண்டும் என்பது இதனால் பெறப்படும்.

இனி நம் வீட்டுக் கம்பிக்கு வருவோம். கடையில் விற்கும் டி.எம்.டி. கம்பி மேற்சொன்ன இருநிலை எஃகு அன்று. ஆனால் அதற்கு நெருங்கிய உறவு. ஆலையில் ஏறத்தாழ ஆயிரம் டிகிரி வெப்பத்தோடு உருண்டு வரும் கம்பியின்மேல் சிறிது நேரம் தண்ணீரை வேகமாகப் பீச்சுகிறார்கள். மேற்புறம் தோய்ந்து மார்ட்டென்சைட் ஆகிறது. உட்புறம் இன்னும் சிவந்தே இருக்கிறது. பின்பு உள்ளிருக்கும் வெப்பம் வெளியே பரவி, மேற்புறத்தின் நொறுங்கும் குணத்தைத் தணிக்கிறது. உட்புறம் மெல்ல ஆறி, பெரும்பாலும் பெர்ரைட்டும், பெர்ரைட்டும் கரிச்சேர்மமும் மாறி மாறி அடுக்கிய பெர்லைட்டும் ஆகிறது. நம் தண்டவாளமும் அடுக்கு வகையே; புத்தகத்தின் தாள்கள்போல வன்மையும் மென்மையும் மாறி மாறி நிற்கும். ஆக, இருநிலைத் தகட்டில் தீவுகளாகவும், தண்டவாளத்தில் தாள்களாகவும், வீட்டுக் கம்பியில் தோலும் சதையுமாகவும் அவ்விரு குணங்களையும் அமைத்திருக்கிறார்கள்.

தொல்காப்பியத்தின் மரபியலில் புறத்தே வயிரம் பாய்ந்தவற்றைப் புல் என்றும், அகத்தே வயிரம் பாய்ந்தவற்றை மரம் என்றும் பிரித்திருப்பதைத் தமிழாசிரியர்கள் நமக்குக் கற்பித்திருக்கிறார்கள். தென்னையும் பாக்கும் மூங்கிலும் புறக்காழ். அந்தமானின் படாக் மரம் அகக்காழ். டி.எம்.டி. கம்பியும் புறக்காழ் இனமே. என் தந்தையார் பாக்குமரத்தை உவமை சொன்னபோது அவருக்கு மார்ட்டென்சைட் தெரியாது. ஆனால் உவமை பொருந்தியே இருக்கிறது.

தம்பிக்கு நான் எழுதிய கடிதத்தில் இரண்டு எண்களை எடுத்துக் காட்டினேன். இளகத் தொடங்கும் பளுவைப்போல் முறிவுக்கு முந்திய உச்சப் பளு எத்தனை மடங்கு இருக்கவேண்டும் என்பதையும் அதே விதி வரையறுக்கிறது. 550 கம்பிக்கு 1.06 மடங்கு போதும். "500 டி" கம்பிக்கு 1.10 மடங்கு வேண்டும். இளகிய இடம் எவ்வளவு வலுக்கும், பளுவை அடுத்த இடத்துக்கு எவ்வளவு பகிரும் என்பதற்கு இந்த எண்ணே சான்று. நிலநடுக்கத்தில் தூணும் உத்திரமும் கூடுமிடத்தில் கம்பி இளகத்தான் போகிறது. இளகியதும் ஓரங்குலத்திலேயே நீட்சி முழுவதும் தங்கி அறுந்துபோகும் கம்பி வேண்டுமா, இளகிய இடம் வலுத்து அடுத்த இடத்துக்குப் பகிரும் கம்பி வேண்டுமா? வீடு விரிசல் விட்டாலும் உள்ளிருப்போர் வெளியேறும் வரை நிற்கவேண்டும் என்பதே நாம் கேட்பது. மேலும், "500 டி"யில் 12 மில்லிமீட்டர் கம்பி ஒன்று ஏறத்தாழ 5,700 கிலோ பளு வரையில் இளகாமல் நிற்கும், வலிமைக்கும் குறைவில்லை. 2002ஆம் ஆண்டின் இந்திய நிலநடுக்க வரைபடத்தில் அந்தமான் ஐந்தாம் மண்டலம். அப்படத்தில் அதற்குமேல் மண்டலம் இல்லை. தம்பி இரண்டு நாள் யோசித்து, "சரி அண்ணா, டி எழுத்துள்ளதையே வாங்கிவிட்டேன்" என்று பதில் அனுப்பினான். 550 வகையிலும் டி எழுத்துள்ள கம்பி உண்டு; அது நூற்றுக்குப் பதினான்கரை பங்கு நீளவேண்டியது. எண்ணை மட்டும் பார்த்து எழுத்தை விட்டுவிடலாகாது என்பதே நான் வற்புறுத்த விரும்புவது.

வீடு கட்டப்போகும் குடும்பத்தார்க்குப் பயன்படும் சிலவற்றை இங்கே சொல்லிவைக்கிறேன். கம்பியைச் சூடாக்கி வளைக்க எவரையும் விடாதீர்கள். தண்ணீரில் தோய்த்துப் பெற்ற தோலின் குணம் நெருப்பில் போய்விடும். ஒருமுறை வளைத்ததை நிமிர்த்தி மறுபடி வளைப்பதும் தகாது; பிறழ்வுகள் குவிந்து நீட்சி அவ்விடத்தில் செலவாகியிருக்கும். தூணின் ரிங்குகளின் முனை 90 டிகிரியில் நின்றுவிடாமல் 135 டிகிரி உள்நோக்கி மடங்கியிருக்கவேண்டும். தூண் ஆடும்போது 90 டிகிரி மடிப்பு பிரிந்துவிடும். கடற்கரை மணலைக் கலவையில் சேர்க்கவேண்டா. உப்பு உள்ளே புகுந்தால் தோலையே அரிக்கும். கடைக்காரரிடம் சோதனைத் தாளைக் கேட்டு வாங்குங்கள். நீட்சியின் எண்ணைப் பாருங்கள். கேட்பது நம் உரிமை. கப்பலேறி வந்த இரும்புக்கு நாம் கூலியும் சேர்த்தே கொடுக்கிறோம்.

பெரார்கஞ்சில் இப்போது தூண்கள் எழும்பிவிட்டன. கம்பி கட்டுபவர் வங்காளி. கொத்தனார் இராஞ்சிப் பக்கத்தவர். பலகை அடிப்பவர் மலபாரிலிருந்து வந்த குடும்பத்தின் மூன்றாம் தலைமுறை. கணக்குப் பார்ப்பது என் தந்தையார். நால்வரும் இந்தியில் பேசி, அவரவர் மொழியில் முணுமுணுத்துக்கொள்கிறார்கள். சென்ற விடுமுறையில் அவர்கள் நடுவே நின்றபோது நுண்நோக்கியில் கண்ட படம் என் நினைவுக்கு வந்தது. வேற்றுமை உள்ள இடமெல்லாம் கரை உண்டு. கரையில்தான் பளு குவியும். அங்கேதான் விரிசலும் தொடங்கும், அங்கேதான் வலிமையும் பிறக்கும். இரண்டில் எது நிகழும் என்பது வன்மை தன்னைச் சிறிது தணித்துக்கொள்வதையும், மென்மை தன் பங்குப் பளுவை ஏற்பதையும் பொறுத்தது. வெவ்வேறு ஊர்களிலிருந்து வந்து ஒரு தீவில் வாழும் நமக்கு இதனை விரித்துச் சொல்லவேண்டியதில்லை.

கூரை போடும் நாளை அம்மாவே குறித்துவிட்டார். நடுவறையின் கட்டில் எந்தச் சுவரோரம் இடப்பட வேண்டும் என்பதையும் அவரே சொல்லியிருக்கிறார். கதவிலிருந்து அது எட்டடி தள்ளியிருக்கிறது.